ஆறாம் நம்பர் விளக்கு

அத்தியாயம் 9

மணி மூன்று பன்னிரண்டு.

ஞானசெல்வி சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. வியாழக்கிழமையிலிருந்து அவள் உடம்பே கடிகாரமாகிவிட்டது. மூன்று அடித்ததும் உள்ளங்கை வேர்க்கும். மூன்று பத்துக்கு நாக்கு வறளும். மூன்று பதினைந்துக்கு, எதிரே கம்பெனி டெலிபோன் மேசையில் இருக்கிற எட்டு விளக்குகளில் ஆறாம் நம்பர் விளக்கு எரியும்.

ஆறாம் நம்பர், குடோன். வாட்ச்மேன் அம்மாவாசியின் போன். அம்மாவாசியின் உடம்பு போன புதன்கிழமை கேரள எல்லையோரம் லோயர் கேம்ப் கால்வாயில் மிதந்தது. அன்றைக்கே முதலாளி பலவேசம் குடோனைப் பூட்டி, சாவியை இடுப்புப் பெல்ட்டில் கோத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கதவு திறக்கவே இல்லை.

ஆனால் அந்த போன் மட்டும் தினமும் பேசியது.

"பயப்படாதே தாயி," என்றான் வீரபாண்டி. ஆளுயர டெலிபோன் பெட்டியின் மேல் சாய்ந்து நின்றிருந்தான். "நானும் பதினாறு வருஷம் தேனி கம்பம் ரூட்ல கண்டக்டரா இருந்தவன். டிக்கெட் எடுக்காம ஏறின உசிரோட இருக்கிற ஆளுக்குத்தான் நான் பயப்படுவேன். செத்தவுகளுக்குப் பயந்தது கிடையாது."

"ஏ வீரபாண்டி, டைப்ரைட்டரைத் தட்டு. வெளிய சத்தம் கேக்கணும்," என்றாள் சொர்ணலதா.

போடியில் பலவேசத்தின் ஏலக்காய்க் கம்பெனியில் இருக்கிற எல்லோருக்கும் அவர்கள் இரண்டு பேரும் டைப்ரைட்டர் ரிப்பேர் செய்ய வந்தவர்கள். முதலாளிக்கும் ஞானசெல்விக்கும் மட்டும்தான் விஷயம் தெரியும். சொர்ணலதா பாலிடெக்னிக்கில் பதினொரு வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்துவிட்டு, தேனியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறவள். வீரபாண்டி அவளுடைய உதவியாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவான்.

வெளியே எடை மேடையில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. தராசுக்காரரின் ராகம் ஜன்னல் வழியாக வந்தது. "லாபம்... ரெண்டேய்... மூணேய்..." ஒன்று என்று சொல்லித் தொடங்கினால் வியாபாரம் விளங்காதாம். முதல் மூட்டைக்கு எப்போதும் லாபம்தான்.

ஆறாம் நம்பர் விளக்கு எரிந்தது.

 சொர்ணலதா இரண்டாவது காதுக்குழாயைத் தன் காதில் வைத்துக்கொண்டு தலையசைத்தாள். வீரபாண்டி திருப்புளியும் கையுமாகக் குடோனைப் பார்த்து ஓடினான்.

"ஆபரேட்டர்," என்றாள் ஞானசெல்வி.

மூச்சு விடுகிற சத்தம். துணிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு கிசுகிசுப்பு.

"செவ்வாய்க்கிழமை அம்மாவாசி கடைசியா ஒங்கிட்டத்தான் பேசுனான். என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலைங்க. நாளைக்கு முதலாளிகிட்ட ஒரு சேதி சொல்லணும், லைன் போட்டுக் குடு தாயின்னு மட்டுந்தான்..."

"பொய் சொல்ற பிள்ளைகளைத் தண்ணி இழுத்துக்கும். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஊரை விட்டுக் கெளம்பிரு. கெளம்பலேன்னா அம்மாவாசியே வந்து கூட்டிட்டுப் போவான்."

விளக்கு அணைந்தது.

ஞானசெல்வி ரிசீவரைக் கீழே வைக்க முயன்றாள். விரல் விரியவில்லை. சொர்ணலதாதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தாள்.

வீரபாண்டி மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். அவன் முகத்திலும் ரத்தம் இல்லை.

"பூட்டு போட்டபடி இருக்கு டீச்சரம்மா. ஜன்னல் வழியாப் பாத்தேன். ஸ்டூல் மேல போன். போன் மேல அஞ்சு நாள் தூசி. அந்தத் தூசி மேல பல்லி ஒண்ணு தூங்குது. அது பேசியிருந்தா குரல் இன்னும் மெலிசா இருந்திருக்கும்."

அவன் சிரிக்கவில்லை. அவன் பயப்பட்டால்தான் அதிகம் வேடிக்கை பேசுவான் என்பது காலையிலிருந்தே ஞானசெல்விக்குப் புரிந்திருந்தது.

"அக்கா, நான் போயிடுறேன்," என்றாள். "ஆண்டிபட்டியில அத்தை வீடு இருக்கு. நாலரைக்கு மானேஜர் ஜீப்ல கொண்டுபோய் விடுறேன்னு சொல்லியிருக்காக. இங்கன நான் சொல்றதை நம்புன ஒரே மனுஷன் அவுகதான். மத்தவுக எல்லாம் பிள்ளைக்குக் காத்துக் கருப்பு அடிச்சிருச்சுன்னு பேசுறாக."

"போகலாம். நாலரைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குல்ல? அதுவரைக்கும் எனக்குக் குடு. புகார் எழுதுற நோட்டு வச்சிருக்கேன்னு சொன்னியே, எங்க?"

ஞானசெல்வி நோட்டை எடுத்துக் கொடுத்தாள். தேதி, நேரம், எந்த போன், என்ன குறை என்று நான்கு கோடு கிழித்து அவளே எழுதிவருகிற நோட்டு. கூட்டெழுத்து கிடையாது, அடித்தல் கிடையாது. சொர்ணலதா வாய்விட்டு வாசித்தாள்.

"வியாழன், காலை 9.40. ஒண்ணாம் நம்பர், வாசல் கேட். சலிக்கிற கூடத்துக்குப் போட்ட போன் கேட்டுல அடிக்கிறது. வியாழன் 11.05. நாலாம் நம்பர், சலிக்கிற கூடம், பஞ்சம்மாள். கேட்டுக்கு போன் போட்ட லாரி ஷெட் டிரைவர் தன்னிடம் வண்டி நம்பர் கேட்கிறார்." பக்கத்தைப் புரட்டினாள். "வெள்ளியும் இதேதான். சனியும் இதேதான். இன்னிக்குத் திங்கள், இன்னிக்கும் இதேதான். ஒண்ணும் நாலும் மாறி மாறி."

"பஞ்சம்மாளுக்கு லாபந்தான்," என்றான் வீரபாண்டி. "நாலு நாள்ல நாலு டிரைவர் பழக்கமாயிருப்பாக."

"முதலாளி ரூம் பூஜ்யம். எடை மேடை ரெண்டு. முதலாளி வீடு அஞ்சு. லாரி ஷெட் ஏழு. இந்த நாலுல இருந்தும் ஒரு புகார்கூட இல்லை. ஏன் செல்வி?"

"அங்கன எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதுக்கா."

"அப்ப மெஷின் கெட்டுப்போகலை. கெட்டுப்போன மெஷின் இப்படி ஆள் பார்த்துத் தப்பு செய்யாது. பெட்டியைத் திற."

பெட்டியின் சாவி ஆணியில் தொங்கியது. யாரும் தொடுவதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன், 1985இல், மதுரையிலிருந்து கர்ணன் என்ற எஞ்சினியர் வந்து பொருத்திய பெட்டி. சரஸ்வதி பூஜைக்கு அதற்கும் சந்தனப் பொட்டு வைப்பார்கள். மற்றபடி அதன் பக்கம் போக எல்லோருக்கும் பயம்.

உள்ளே மேலும் கீழுமாக இரண்டு பச்சைப் போர்டுகள். நடுவே கலர் கலராக ஒரு ஒயர் கொத்து.

"மேல இருக்கிறது மைக்ரோபிராசஸர். மூளைன்னு வச்சுக்க. கீழ இருக்கிறது ஸ்விட்சிங் சிப். எந்த போனை எதோட சேக்கணுமோ அதைச் சேக்குற கை. எந்த போனை எடுத்தாங்கன்னு கை மூளைக்குச் சொல்லணும், எதைச் சேக்கணும்னு மூளை கைக்குச் சொல்லணும். அதுக்காகத்தான் இந்த ஒயர் கொத்து. இதுக்குப் பேரு பஸ்."

"பஸ்ஸா? கண்டக்டர் யாரு?"

"இதுல கண்டக்டர் கிடையாது. அதனாலதான் ரெண்டு பேரு சீட் மாறி உக்காந்தாலும் கேக்க ஆளில்லை." சொர்ணலதா டார்ச்சைக் கீழே அடித்தாள். "போன் நம்பர் போறதுக்கு இதுல மூணு ஒயர் போதும். தராசுல படிக்கல் போடுற மாதிரிதான். முதல் ஒயர் ஒரு கிலோக் கல்லு. அடுத்தது ரெண்டு. மூணாவது நாலு. அஞ்சாம் நம்பரைச் சொல்லணும்னா என்ன செய்வ?"

"நாலையும் ஒண்ணையும் போடுவேன்," என்றாள் ஞானசெல்வி.

"ஏழுக்கு?"

"மூணு கல்லையும் போடணும். பூஜ்யத்துக்கு ஒண்ணும் போட வேண்டாம்."

"பிள்ளை கெட்டிக்காரி. இப்ப யாரோ ஒருத்தன் ஒரு கிலோக் கல்லையும் நாலு கிலோக் கல்லையும் இடம் மாத்தி வச்சுட்டான். ஒண்ணுன்னு சொன்னா நாலு நிறுக்கும், நாலுன்னா ஒண்ணு நிறுக்கும். அஞ்சுல ரெண்டு கல்லுமே இருக்கு, அதனால மாறினாலும் அஞ்சு அஞ்சுதான்."

"அப்படின்னா பேச்சும் குழம்பணுமே டீச்சரம்மா? கேட்டுக்காரன் எடுத்துப் பேசினா இந்தப் பிள்ளைக்கு ஒழுங்காத்தானே கேக்குது?"

"நல்லாக் கேட்டே. ஒண்ணாம் நம்பரை எடுத்தாங்கன்னு கை சொல்லுது. வழியில அது நாலாயிடுது. மூளை நாலாம் விளக்கை எரிய விட்டுட்டு, நாலைச் சேருன்னு திருப்பிச் சொல்லுது. அதுவும் அதே ஒயர்ல வரணுமே? வழியில மறுபடி ஒண்ணாயிடுது. வரும்போது ஒரு தப்பு, போகும்போது ஒரு தப்பு. ரெண்டும் ஒண்ணையொண்ணு நேர் பண்ணிடும். அதனால பேச்சு நிஜம். விளக்கு மட்டும் பொய்."

விளக்கு பொய். ஞானசெல்வி ஆறாம் விளக்கைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியானால் ஆறாம் நம்பரில் பேசியது... அவள் யோசித்து முடிப்பதற்குள் சொர்ணலதா பெட்டிக்குள் கையை விட்டாள்.

"இங்க பாரு. மாத்தினவன் ரொம்ப ஒழுங்கானவன். கழட்டுற ஒயரு ரெண்டுலயும் அடையாளம் கட்டித்தான் கழட்டியிருக்கான். திரும்ப மாட்டணுமே."

இரண்டு ஒயரிலும் சின்ன அட்டைத் துண்டு, சாம்பிள் ஏலக்காய்ப் பையில் கட்டுகிற சணல் நூலால் கட்டியிருந்தது. ஒன்றில் மூன்று என்ற எண். இன்னொன்றில் எண் இல்லை, ஒரே ஒரு எழுத்து. 'லா'.

"எஞ்சினியர் பயதான்," என்றான் வீரபாண்டி. "இதெல்லாம் தெரிஞ்ச ஒரே ஆளு அவன்தானே?"

"எஞ்சினியர் எண்ண ஆரம்பிச்சா முதல் ஒயருக்குப் பூஜ்யம்னு எழுதுவான். இந்தப் பெட்டியில போன் நம்பரே பூஜ்யத்துலதான் தொடங்குது, பாத்தியா? முதல்ல இருக்கிறதுக்கு லாபம்னு யாரு எழுதுவா?"

ஜன்னலுக்கு வெளியே புதிதாக ஒரு லாரி. "லாபம்... ரெண்டேய்..."

"எடை மேடைக்காரக," என்றாள் ஞானசெல்வி. 

கதவு தட்டப்பட்டது. சொர்ணலதா பெட்டிக் கதவைச் சட்டென்று சாத்தினாள். வீரபாண்டி டைப்ரைட்டரைத் தடதடவென்று தட்டினான்.

மானேஜர் பொன்னுராஜ் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். நரைத்த தலை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. "என்ன ஆத்தா, மறுபடியும் வந்துச்சா போன்? மொகமெல்லாம் வெளிறிக் கெடக்கு. நாலரை வரைக்கும் ஏன் காத்திருக்கணும், இப்பவே கெளம்பிரலாம். என் ரூமுக்கு வா. ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போயிரலாம்."

ஞானசெல்வி சொர்ணலதாவைப் பார்த்தாள். சொர்ணலதாவால் ஒன்றும் பேச முடியாது. அவள் டைப்ரைட்டர் மெக்கானிக். அவள் கண் மட்டும் ஏதோ சொன்னது. என்னவென்று ஞானசெல்விக்குப் புரியவில்லை. பயத்தில் இருக்கிறவளுக்கு யார் முதலில் கை நீட்டுகிறார்களோ அந்தக் கைதான் தெரியும். எழுந்து போனாள்.

மானேஜர் அறை தாழ்வாரத்தின் கோடியில். உள்ளே போனதும் அவர் கதவைச் சாத்தினார். "டைப்ரைட்டர் சத்தம் தலையை வலிக்குது," என்றார். மேசைமேல் கருப்பு போன். சாரல் விழுகிற ஜன்னல். கீழே ஜீப்.

"ஒக்காரு ஆத்தா. சொந்த விருப்பத்துல வேலையை விட்டுப் போறேன்னு நாலு வரி டைப் அடிச்சு வச்சிருக்கேன். நாளைக்கு யாரும் எங்க போனான்னு கேட்டா காட்டணும்ல? அணை வழியாப் போயிருவோம். அங்கன ரோடு நல்லாருக்கு, கூட்டம் கெடையாது."

ஆண்டிபட்டிக்கு நேர் ரோடு இருக்கும்போது வைகை அணையைச் சுற்றி எதற்கு என்று அவள் நினைத்தாள். நினைத்ததோடு சரி.

"வழியில பேசிக்கலாம்னுதான் இருந்தேன். இருந்தாலும் கேக்குறேன். அம்மாவாசி வேற எதுவும் சொன்னானா? லாரியைப் பத்தி ஏதாச்சும்?"

"லாரியா? இல்லைங்களே."

"சரி சரி. நல்லா ரோசிச்சுச் சொல்லு. அவசரமில்லை."

காகிதங்களை எடுத்து, எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக அவள் முன்னால் வைத்தார். வைக்கும்போது வாய் தானாக முணுமுணுத்தது.

"லாபம். ரெண்டு. மூணு. மூணு காப்பியிலயும் போடு ஆத்தா."

பேனா அவள் விரலில் நின்றுவிட்டது.

இவர் மானேஜர் ஆனது நாலு வருஷத்துக்கு முன்புதான். அதற்கு முன் இருபது வருஷம் எடை மேடையில் தராசு பிடித்தவர். இது போடியில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

கையெழுத்து போடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். மனசு மட்டும் தராசின் முன்னால் உட்கார்ந்து கல் போட்டது. ஆறு என்றால் ரெண்டும் நாலும். நாலை எடுத்துவிட்டு ஒன்றை வை. ரெண்டும் ஒன்றும். மூணு.

மூணாம் நம்பர் யார்?

நாலு நாளாக அவள் மூணாம் நம்பரை அழுத்தினால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். பூட்டிய குடோனில் அடித்தால் யார் எடுப்பார்கள்? ஒவ்வொரு தடவையும் அவளே தாழ்வாரம் வழியாக இந்த அறைக்கு நடந்து வந்து சேதி சொல்லிவிட்டுப் போவாள். "வெளிய போயிருந்தேன் ஆத்தா," என்பார். நாலு நாளாக ஒரு போன்கூட வராத மனுஷன் ஒரு புகார்கூடச் சொல்லவில்லை. புகார் நோட்டில் மூணாம் நம்பர் இல்லவே இல்லை.

அப்போது மேசைமேல் இருந்த போன் அடித்தது.

பொன்னுராஜ் பாம்பைக் கண்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். எடுக்கவில்லை. வெறித்துப் பார்த்தார். ஞானசெல்விக்கு ரெண்டு வருஷப் பழக்கம். மணி அடித்தால் கை தானாகப் போகும். எடுத்துவிட்டாள்.

"செல்வி," சொர்ணலதாவின் குரல் அவசரமில்லாமல் வந்தது. "நான் ஆறாம் நம்பரைத்தான் அழுத்தினேன். எங்க அடிச்சிருக்கு பாத்தியா? பேசாதே. முதலாளி கூப்பிடுறாகன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வா. ரிசீவரை மட்டும் திரும்ப வச்சுடாதே."

ஞானசெல்வி ரிசீவரை மேசைமேல் மல்லாக்க வைத்தாள். எழுந்தாள். 

"முதலாளி கூப்பிடுறாக. இப்ப வந்துடுறேன்."

"முதலாளியா?" பொன்னுராஜ் எழுந்து மெதுவாகக் கதவுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றார். குரலில் அதே பாசம் இருந்தது. அதுதான் அவளை இன்னும் நடுங்க வைத்தது. "எப்படிக் கூப்பிடுவாக ஆத்தா? இந்த போன் அடிக்க நாலு நாளா வழியே இல்லையே."

சொன்னபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. சாரல் ஜன்னலில் அடித்தது. கீழே ஜீப்பின் தார்ப்பாய் படபடத்தது.

"அடிக்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"  ஞானசெல்வி கேட்டேவிட்டாள். "நான் உங்ககிட்டச் சொல்லவே இல்லையே. நீங்களும் ஒரு நாள்கூடப் புகார் குடுக்கலையே."

 பொன்னுராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அதன் ஒரு முனை ஈரமாக இருந்தது. வாய் வைத்துப் பேசின ஈரம்.

"நான் மூட்டையைக் கடத்துறதை அம்மாவாசி பாத்துட்டான்," என்றார், ஏதோ ஊர் விஷயம் பேசுகிற மாதிரி. "லோயர் கேம்ப் வரைக்கும் லாரிக்குப் பின்னாலயே வந்துட்டான், மடப்பய. நீயாவது ஒண்ணும் தெரியாத பிள்ளையா இருந்திருக்கலாம்."

துண்டை இரண்டு கையிலும் சுற்றினார்.

ஞானசெல்வி கத்தவில்லை.  மேசையில் மல்லாந்து கிடந்த ரிசீவரை நோக்கி, தினமும் நூறு தடவை சொல்கிற குரலில், "ஆபரேட்டர், கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு," என்றது ரிசீவர்.

அதே நொடியில் கதவு ஆளோடு பெயர்ந்து உள்ளே விழுந்தது. முதலில் கீழே கிடந்தவன் வீரபாண்டி. அவனுக்கு மேலே வாசல் கேட்டுக்காரர் இரண்டு பேர். கடைசியாக முதலாளி பலவேசம், இடுப்பில் குடோன் சாவி குலுங்க.

"எறங்க வேண்டியவுக எறங்கலாம்," என்றான் வீரபாண்டி தரையில் கிடந்தபடியே, பொன்னுராஜின் இரண்டு காலையும் கட்டிப் பிடித்துக்கொண்டு. 

ஐந்து மணிக்குச் சப் இன்ஸ்பெக்டர் வந்து மானேஜர் அறையில் உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார். மதுரைக்கு ட்ரங்க் கால் போட்டதில் மிச்சமும் விளங்கிவிட்டது. பெட்டி பொருத்திய ஞாயிற்றுக்கிழமை எஞ்சினியர் கர்ணன் அந்த இரண்டு ஒயரையும் தவறுதலாக மாற்றி மாட்டிவிட்டாராம். மானேஜர் ரூமுக்குப் போட்டால் குடோனில் அடித்ததாம். தலையைச் சொறிந்து, கண்டுபிடித்து, திரும்ப மாற்ற அரை நாள் ஆகியிருக்கிறது. அந்த அரை நாளும் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தவர் பொன்னுராஜ்.

"பயபுள்ள, ஒரே ஒரு பாடம் கத்துக்கிட்டான். அதையும் இதுக்கா வச்சிருந்தான்," என்றான் வீரபாண்டி, முழங்கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே.

சொர்ணலதா இரண்டு ஒயரையும் அதனதன் இடத்தில் திருகினாள். பெட்டியை மூடினாள். ஞானசெல்வி புகார் நோட்டைத் திறந்து, தேதி போட்டு, நேரம் போட்டு, கோட்டுக்குள் அடங்க எழுதினாள். ஆறாம் நம்பர், குடோன். விளக்கு தவறாக எரிந்தது. சரி செய்யப்பட்டது.

பேனாவை மூடும்போது மேசையில் ஒரு விளக்கு எரிந்தது. மூணாம் நம்பர்.

அங்கே இப்போது யார் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். விளக்கு இனிமேல் பொய் சொல்லாது என்றும் தெரியும். இருந்தும் கை நீளவில்லை. உள்ளங்கை வேர்த்தது.

"நான் எடுக்கவா தாயி?" என்றான் வீரபாண்டி. இந்தத் தடவை வேடிக்கை எதுவும் பேசவில்லை.

"வேண்டாம்ணே."

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"ஆபரேட்டர்."

"லோயர் கேம்ப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு ட்ரங்க் கால் போடும்மா," என்றார் சப் இன்ஸ்பெக்டர். "அவசரம்னு சொல்லு. என்ன விஷயம்னு கேட்டா, வாட்ச்மேன் அம்மாவாசி விஷயமா பேசணும்னு சொல்லு."

செவ்வாய்க்கிழமை அம்மாவாசி கேட்டது ஒரே ஒரு லைன்தான். அவன் சேதிக்காக ஒரு லைனை இன்றைக்குத்தான் அவளால் போட்டுக்கொடுக்க முடிந்தது.

"லைன்ல இருங்க," என்றாள் ஞானசெல்வி.